ஆரம்பநிலை அல்சைமருக்கு ஆன்டிபாடி மருந்து: அப்பாவுக்குத் தொடங்கலாமா?

தென்றல்மகள் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு வயது 69. கொஞ்ச காலமாகவே கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பழகியவர்கள் பெயர் சட்டென்று வராமல் தவிக்கிறார். வயதாகிறது என்றுதான் எல்லோரும் இருந்தோம். நரம்பியல் மருத்துவர் சோதனைகள் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, அல்சைமரால் வந்த லேசான அறிவாற்றல் குறைபாடு என்று சொல்லிவிட்டார். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் அதையே உறுதி செய்கிறது.

லெக்கனமாப், டொனானமாப் என்று இரண்டு ஆன்டிபாடி மருந்துகளைச் சொல்லி, "யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்" என்றார். அண்ணன் உடனே ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன்.

நோய் 27 சதவீதம் குறைகிறது என்று படித்தேன். அப்படியென்றால் என்ன? மருந்து எடுத்தவர்கள், வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மருந்து ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. அந்த 27-ஐப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான்.

27 சதவீதம் பேருக்குக் குணமாகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. நினைவாற்றல் 27 சதவீதம் கூடுகிறது என்றும் இல்லை. லெக்கனமாபின் பெரிய ஆய்வில் 1,795 பேர் இருந்தார்கள். 18 மாதம் நடந்தது. சிடிஆர்-எஸ்பி என்ற அளவுகோலில் அவர்களை அளந்தார்கள். அதில் 0 என்றால் சிக்கலே இல்லை, 18 என்றால் மிகக் கடுமையான நிலை. நினைவு, திசை அறிதல், முடிவெடுத்தல், வீட்டு வேலை, வெளி வேலை, தன்னைக் கவனித்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் கேட்டுப் போடும் மதிப்பெண் அது. 18 மாத முடிவில் வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.66 கூடியிருந்தது, அதாவது அந்த அளவுக்கு மோசமாகியிருந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குக் கூடியது 1.21. இடைவெளி 0.45. அந்த 0.45 என்பது 1.66-இல் 27 சதவீதம். அவ்வளவுதான் அந்த எண்ணின் கதை.

இரண்டு குழுவும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒரு குழு கொஞ்சம் மெதுவாக இறங்கியது. அதைக் காலமாக மாற்றிப் பார்த்தால், 18 மாதத்தில் சுமார் 5 மாதம் மிச்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கூட இருப்பவர் கண்ணுக்கே தெரியும் மாற்றம் என்றால் அந்த அளவுகோலில் குறைந்தது 1 புள்ளியாவது வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் நிறையப் பேர் உண்டு. இடைவெளி நாளாக நாளாக விரியும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: உங்கள் அப்பா நன்றாகவே இருந்தால்கூட அது மருந்தாலா, இல்லையென்றாலும் அப்படித்தான் இருந்திருப்பாரா என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த நிச்சயமின்மையோடு வாழ முடியுமா என்று குடும்பமாக முன்பே பேசிவிடுவது நல்லது.

நீலக்குறிஞ்சி எழுதியது:

நான் மருந்து ஏற்றும் பிரிவில் செவிலியர். தங்கை, உன் அம்மாவின் பயத்தை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டாம். அது நியாயமான பயம். ஆனால் அதன் அளவு தெரிந்து பயப்படுவது வேறு.

இந்த மருந்துகளின் பக்கவிளைவை ஏஆர்ஐஏ என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அதில் இரண்டு வகை. ஒன்று மூளையில் நீர் கோத்து வீங்குவது, மற்றது புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு. அல்சைமரில் மூளையில் படியும் புரதம் அமிலாய்டு, அதை அகற்றுவதுதான் இந்த ஆன்டிபாடிகளின் வேலை. அது மூளைத் திசுவில் மட்டும் படிவதில்லை, ரத்தக் குழாய்ச் சுவரிலும் படிகிறது. மருந்து அதையும் பிடித்து இழுக்கும்போது சுவர் கொஞ்ச நாள் பலவீனமாகிக் கசிகிறது. லெக்கனமாப் ஆய்வில் வீக்கம் 12.6 சதவீதம் பேருக்கு வந்தது. மருந்தே இல்லாத குழுவில் 1.7. கசிவு 17.3 சதவீதம், மற்ற குழுவில் 9. டொனானமாபில் இன்னும் அதிகம்: வீக்கம் 24 சதவீதம், கசிவு 31.4 சதவீதம். வீக்கம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இல்லை, எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது, சில மாதங்களில் தானாக வற்றியது. ஆனால் சிலருக்குக் கடும் தலைவலி, குழப்பம், வலிப்பு. டொனானமாப் ஆய்வில் இதனால் 3 பேர் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும். அதனால்தான் லெக்கனமாபுக்கு 5-ஆவது, 7-ஆவது, 14-ஆவது தவணைக்கு முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 3-ஆவது தவணைக்கு முன்பும் ஒன்று வேண்டும் என்று சேர்த்தது. இந்த ஸ்கேன்களைத் தவறவிடும் குடும்பம் என்றால் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டொனானமாபில் தொடக்க அளவைச் சிறிதாக வைத்து மெதுவாக ஏற்றினால் வீக்கம் 24 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைகிறது என்று பின்னால் ஓர் ஆய்வில் தெரிந்தது. இப்போது அப்படித்தான் பரிந்துரை: 350, 700, 1050, பிறகு 1400 மில்லிகிராம்.

அப்புறம் ஒரு கேள்வி. ஏபிஓஇ மரபணுச் சோதனை எடுத்தார்களா?

தென்றல்மகள் எழுதியது:

நன்றி அக்கா. எடுக்கலாம் என்று சொன்னார், இன்னும் எடுக்கவில்லை. அது அவ்வளவு முக்கியமா?

நீலக்குறிஞ்சி எழுதியது:

மிக முக்கியம். ஏபிஓஇ4 என்ற வகை ஒருவரிடம் இல்லாமல் இருக்கலாம், ஒரு பிரதி இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். லெக்கனமாப் ஆய்வில் அது இல்லாதவர்களில் 5.4 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது. ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9. இரண்டும் உள்ளவர்களில் 32.6. ஒரே மருந்து, ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் ஐரோப்பாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 ஜூலையில் முதலில் வேண்டாம் என்று சொல்லி, நவம்பரில் மறுபரிசீலனை செய்தபோது இரண்டு பிரதி உள்ளவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களுக்குப் பரிந்துரைத்தது.

ஆனால் எடுப்பதற்கு முன் நீயும் அண்ணனும் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்கு இரண்டு பிரதியும் இருப்பதாக வந்தால், பிள்ளைகள் உங்கள் எல்லோரிடமும் குறைந்தது ஒன்று கட்டாயம் இருக்கும். அப்பாவின் சோதனை உங்கள் ரத்தத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லிவிடும். அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்று இல்லை, ஆபத்து கூடுகிறது, அவ்வளவுதான். தெரிய வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. மரபணு ஆலோசகர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

அகழ்வோன் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன், மன்னிக்கவும். அமிலாய்டைத் துடைத்தால் நோய் போய்விடும் என்ற நம்பிக்கையில் எத்தனை மருந்துகள் தோற்றன! 2002-இல் தடுப்பூசி ஒன்று, சிலருக்கு மூளை அழற்சி வந்து நிறுத்தப்பட்டது. பிறகு பாபினியூசுமாப், சொலனெசுமாப், 2022-இல் கான்டெனெருமாப், எல்லாம் தோல்வி. அடுகானுமாபை 2021 ஜூனில் எஃப்டிஏ அனுமதித்தபோது அதன் நிபுணர் குழுவே எதிராக இருந்தது, மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள், கடைசியில் 2024-இல் பயோஜென் நிறுவனமே அந்த மருந்தைக் கைவிட்டது. 2006-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய அமிலாய்டு கட்டுரை படங்களில் திருத்தம் செய்யப்பட்டதாகப் புகார் எழுந்து 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு 69 வயதுக்காரரை எப்படி நம்பி அனுப்புவது?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

அகழ்வோன், நீங்கள் சொன்ன தோல்விகள் எல்லாம் உண்மை. அவற்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த 2006 கட்டுரை ஒரு குறிப்பிட்ட அமிலாய்டுத் திரளைப் பற்றியது. லெக்கனமாப் அதிலிருந்து பிறக்கவில்லை. அதன் வேர் ஸ்வீடனில். அங்கே ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த அல்சைமருக்குக் காரணமான மரபணு மாற்றத்தை லார்ஸ் லான்ஃபெல்ட்டின் குழு 2001-இல் வெளியிட்டது. அந்த மாற்றம் இருந்தால் அமிலாய்டு முழுதாகப் படிவதற்கு முந்தைய நீள் துணுக்குகள் அதிகமாக உருவாகின்றன. கரையக்கூடிய அந்தத் துணுக்குகளைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேடிப்போய் வந்ததுதான் இந்த மருந்து. டொனானமாப் வேறு வழி: ஏற்கெனவே கெட்டியாகப் படிந்துவிட்ட, முனை மாறிய அமிலாய்டை மட்டும் பிடிக்கிறது.

தோற்ற மருந்துகளில் பெரும்பாலானவை படிவைப் போதுமான அளவு அகற்றவில்லை, அல்லது நோய் சற்று முன்னேறியவர்களுக்கும் கொடுக்கப்பட்டன. இந்த இரண்டும் படிவை உண்மையாகவே அகற்றுகின்றன, படிவைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் தெரிகிறது. அகற்றியும் பலன் சிறிதாக இருக்கிறதே என்பதுதான் நேர்மையான கேள்வி. அமிலாய்டு நோயின் ஒரு பகுதி மட்டும். நரம்பு செல்களுக்குள் சேரும் டௌ என்ற இன்னொரு புரதம், அழற்சி, ரத்தக் குழாய்க் கோளாறு என்று மற்றவை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது என்பதால், அறிகுறி வந்த பிறகு அகற்றுவது தாமதமாகவே இருக்கலாம். அறிகுறியே இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அதனால்தான் நடக்கின்றன.

வைகறை எழுதியது:

என் அம்மா டொனானமாப் எடுத்தார், அதனால் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை, ஏற்றுவது அரை மணி நேரம்தான், பிறகு இன்னும் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பார்கள். நாங்கள் அதைத் தேர்ந்ததற்குக் காரணம், படிவு போய்விட்டது என்று ஸ்கேனில் தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்பது. ஆய்வில் ஒரு வருடத்திலேயே பாதிப் பேருக்கு அருகில் அப்படி நிறுத்த முடிந்தது. லெக்கனமாபை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும், 18 மாதத்துக்குப் பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைக்கலாம், ஆனால் தொடர வேண்டியிருக்கும். இப்போது அதற்கு வாரம் ஒரு முறை வீட்டிலேயே போடும் ஊசியும் வந்திருக்கிறது, தொடர் சிகிச்சைக்கு.

அம்மாவுக்கு நடுவில் எம்ஆர்ஐயில் வீக்கம் தெரிந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். மருந்தை நிறுத்தி வைத்தார்கள், அடுத்த ஸ்கேனில் சரியானதும் மறுபடி தொடங்கினார்கள். அந்த இடைவெளி எங்களுக்குக் கொடுமையாக இருந்தது. ஒவ்வொரு தலைவலிக்கும் ஓடினோம்.

பலன் இருந்ததா என்று கேட்டால், அம்மா இன்னும் தன் மருந்துப் பெட்டியைத் தானே நிரப்புகிறார், தன் தங்கையோடு தொலைபேசியில் முழு உரையாடல் பேசுகிறார். கதை சொல்லும்போது நடுவில் தொலைந்துபோவது கூடியிருக்கிறது. மருந்து இல்லாவிட்டால் எப்படி இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் நான் சரி என்றுதான் சொல்வேன், காரணம் அம்மாவே கேட்டு, புரிந்து, தன் வாயால் சொன்ன முடிவு அது.

கார்த்திகைப்பூ எழுதியது:

எங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவானது. என் கணவருக்கு இதயத் துடிப்பு சீரில்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இந்த மருந்தையும் சேர்த்தால் பெரிய ரத்தக் கசிவுக்கான ஆபத்து கூடும் என்றார்கள். மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். எம்ஆர்ஐயில் ஏற்கெனவே நுண்கசிவுகள் நாலுக்கு மேல் இருந்தன, அதுவும் தடை.

அன்று அழுதேன். ஏதோ ஒரு கதவு எங்களுக்கு மட்டும் மூடிவிட்டதாகத் தோன்றியது. ஆனால் மருத்துவர் நேரம் ஒதுக்கி விளக்கினார். நினைவாற்றலுக்கான டொனெபசில் மாத்திரை தொடர்கிறது. செவித்திறன் சோதித்துக் காது கேட்கும் கருவி வாங்கியதில் அவர் பேச்சில் மறுபடி கலந்துகொள்கிறார், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, தினமும் நடக்கிறார். ஆன்டிபாடி இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்தான் அதிகம், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

பழையநூலகர் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, கணவரைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் நோயாளி. எனக்கு 66 வயது, ஆரம்பநிலை அல்சைமர். எழுத நேரமாகிறது, மகன் எழுத்துப்பிழை பார்த்துக்கொடுக்கிறான், ஆனால் சொல்வது நான்.

நான் லெக்கனமாப் எடுக்கிறேன். முதல் தவணை அன்று குளிரும் காய்ச்சலும் வந்தது, அடுத்த நாள் போய்விட்டது. கை நரம்பு தேடுவதுதான் எனக்கு எரிச்சல். இரண்டு வாரத்துக்கு ஒரு பகல் இதற்கே போகிறது.

ஏன் எடுக்கிறேன் என்று மருத்துவர் கேட்டார். நான் குணமாவதற்கு இல்லை என்று தெரியும். பேத்தியோடு படிக்கும் பழக்கம் இருக்கிறது, அந்தக் காலம் கொஞ்சம் நீண்டால் போதும் என்றேன். ஐந்து மாதம் என்று எண் போட்டுச் சொன்னார்கள். நோயின் கடைசியில் ஐந்து மாதம் கூட்டித் தருவதாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இது இப்போது, நான் நானாக இருக்கும்போது கிடைக்கிற காலம். எனக்கு அதற்கு மதிப்பு உண்டு. இன்னொருவர் அந்தப் பகல்களை மருத்துவமனையில் கழிக்க மாட்டேன் என்றால் அதுவும் எனக்குப் புரிகிறது.

மகளே, உன் அண்ணன் சொல்கிறார், அம்மா சொல்கிறார், நீ நடுவில் நிற்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அப்பா என்ன சொல்கிறார்?

தென்றல்மகள் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்துபோய் அப்பாவிடமே கேட்டேன். இங்கே வந்ததையெல்லாம் நிதானமாக வாசித்துக் காட்டினேன். சில இடங்களைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். 32 சதவீதம் என்ற இடத்தில் நிறுத்தி, தனக்கு அந்த மரபணு இரண்டு பிரதி இருந்தால் மருந்து வேண்டாம், இல்லையென்றால் முயன்று பார்க்கலாம் என்றார். எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்: தானாக வீட்டில் நடமாட முடியாத, எங்களை அடையாளம் தெரியாத நிலை வந்தால் ஊசி வேண்டாமாம். அம்மா கூடவே உட்கார்ந்து கேட்டார். அண்ணனையும் என்னையும் பற்றிய மரபணுச் செய்தி எங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றோம். சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம்.

இரண்டில் எது என்பதுதான் இன்னும் குழப்பம்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு முடிவுகள் கையில் இல்லாதவரை, டொனானமாபின் 35 சதவீதத்தையும் லெக்கனமாபின் 27-ஐயும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்க்காதீர்கள். அந்த 35 வேறொரு அளவுகோலில், டௌ படிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களிடம் மட்டும் வந்தது. டௌ அதிகமாக இருந்தவர்களையும் சேர்த்தால் அதே அளவுகோலில் 22 தான். உங்கள் அப்பா எவ்வளவு ஆரம்பத்தில் இருக்கிறார் என்பதே மருந்தின் பெயரைவிட முக்கியம். மருத்துவர் தள்ளிப்போட வேண்டாம் என்றது அதனால்தான், பயமுறுத்துவதற்காக இல்லை. மற்றபடி வீக்கம்-கசிவு ஆபத்து, வந்து போகும் சிரமம், நிறுத்த முடியுமா என்ற மூன்றையும் வைத்து அவரோடு பேசுங்கள்.

அகழ்வோன் எழுதியது:

நான் இன்னும் தயக்கத்தோடுதான் இருக்கிறேன். ஆனால் பெரியவர் எழுதியதைப் படித்த பிறகு, என் தயக்கத்தை வைத்து இன்னொருவர் காலத்தை நான் அளக்க முடியாது என்று தோன்றுகிறது. தென்றல்மகள், எது முடிவானாலும் அதன் பிறகு எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள். இதுபோன்ற நேரடி அனுபவங்கள் தமிழில் மிகக் குறைவு.

நீலக்குறிஞ்சி எழுதியது:

தொடங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதே, தங்கை. அப்பா சட்டைப் பையிலும் உங்கள் எல்லோர் கைபேசியிலும் ஒரு அட்டை இருக்கட்டும்: மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, நரம்பியல் மருத்துவரின் எண். ஏனென்றால் மூளை வீக்கத்தின் அறிகுறிகள் பக்கவாதம் போலவே இருக்கும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் பலவீனம். அவசரப் பிரிவில் இந்த மருந்து தெரியாதவர் இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிடக்கூடும். லெக்கனமாப் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த ஊசிக்குப் பிறகு மூளையில் பெரும் ரத்தக் கசிவு வந்து இறந்தது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது.

அதனால் அவசரப் பிரிவுக்குப் போனால் வாசலிலேயே சொல்லுங்கள், "இவர் அமிலாய்டு ஆன்டிபாடி எடுக்கிறார், முதலில் எம்ஆர்ஐ எடுங்கள், நரம்பியல் மருத்துவரை அழையுங்கள்" என்று. அப்பாவோடு போகிற ஆள் யாராக இருந்தாலும் இந்த வாக்கியம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

தென்றல்மகள் எழுதியது:

அட்டையை இன்றே எழுதிவிட்டேன் அக்கா, மருந்துப் பெயருக்கான இடம் மட்டும் காலி. மரபணு முடிவு வந்ததும் இங்கே சொல்கிறேன்.